கட்டுவதும் நாங்களே, வாங்குவதும் நாங்களே என்று யாராவது வந்தால்

ராயக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. அப்பா காலம் முழுக்கத் தக்காளிதான். எங்கள் ஊர்த் தக்காளி மண்டியைத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் தங்கம் மாதிரி போகும், அடுத்த வாரம் ரோட்டோரம் கொட்டிவிட்டு வர வேண்டும். அந்த அலுப்பில்தான் 2022 தை மாதம் 25 சென்ட்டில் ஒரு பாலிஹவுஸ் போட்டேன். பைப் வளைவுகள் மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி உள்ளே பயிர் வளர்க்கும் கூடாரம் அது. பசுமைக்குடில் என்று ஆபீஸ் காகிதத்தில் எழுதுவார்கள், எங்களுக்கு அது பாலிஹவுஸ். 11 லட்சம் செலவு. அதில் 6 லட்சம் வங்கிக் கடன், மீதி என் மனைவியின் நகையும் அப்பாவின் சேமிப்பும்.

அதைக் கட்டிக் கொடுத்ததும், விளைவதை வாங்கிக்கொள்கிறோம் என்றதும் ஒரே கம்பெனி. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடப்பதால் அதன் பெயரை எழுதப் போவதில்லை. பெயரும் முக்கியமில்லை. இதே பேச்சோடு வேறு பெயரில் வேறு ஆட்களும் சுற்றுகிறார்கள்.

கம்பெனியிலிருந்து வந்த பையன் நல்லவன் மாதிரிதான் இருந்தான். என்னை அண்ணா என்பான், அப்பாவை ஐயா என்பான், வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்காருவான். கையில் வழவழவென்று ஒரு புத்தகம். அதில் குறைந்த தண்ணீர், குறைந்த மருந்து, மழைநீர் சேமிப்பு என்று எல்லாம் பச்சை எழுத்தில் இருந்தது. "28க்கு 36 மீட்டர் போடலாம் ணா, 1008 சதுர மீட்டர். கூரை மேல விழுற மழைய மட்டும் பிடிச்சா வருஷத்துக்கு 8 லட்சம் லிட்டர்" என்றான். கணக்கு என்னவோ சரிதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர், எங்கள் பக்கம் வருடத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் பெய்யும். அவன் சொன்ன கணக்கு எதுவுமே தப்பில்லை, அதுதான் வினை. 2,500 செடி, செடிக்கு 4 கிலோ, ஒரு போகத்துக்கு 10 டன் இங்கிலீஷ் வெள்ளரி, வருடத்துக்கு 3 போகம், கிலோ 25 ரூபாய்க்குக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். ஏழரை லட்சம். அப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "கிலோ 25க்கு வாங்கி நீங்க யாருக்குப்பா விக்கிறீங்க?" பெங்களூரு மால்கள், ஹோட்டல்கள் என்றான். எந்த மால், எந்த ஹோட்டல் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

முதல் அடி மானியத்தில் விழுந்தது. அப்போதைய தேசியத் தோட்டக்கலைத் திட்டக் கணக்கில் இந்த அளவுக் குடிலுக்குச் சதுர மீட்டருக்கு 935 ரூபாய் செலவு என்று வைத்து அதில் பாதி, அதாவது 467 ரூபாய் 50 காசு, மானியம். 1008க்குப் பெருக்கினால் 4 லட்சத்து 71 ஆயிரம். "அது எங்க பொறுப்பு ணா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றான். உண்மையில் தோட்டக்கலைத் துறையில் முதலில் பதிவு செய்து, சிட்டா, அடங்கல், வரைபடம், மண் நீர் பரிசோதனை எல்லாம் கொடுத்து, அதிகாரி வந்து நிலத்தைப் பார்த்து, வேலை உத்தரவு கையில் வந்த பிறகுதான் முதல் குழி தோண்ட வேண்டும். இவர்கள் சீசன் போய்விடும் என்று அவசரப்படுத்தி முதலிலேயே கட்டி முடித்துவிட்டார்கள். பிறகு நான் போய் நின்றபோது அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். "உத்தரவுக்கு முன்னாடியே எழும்பி நிக்கிற குடிலுக்கு நான் எப்படிங்க எழுதிக் கொடுக்கிறது?" அவர் சொன்னது நியாயம். கம்பெனிக்கு அந்த விதி தெரியாமல் இருக்காது. மானிய வேலை என்றால் துறை ஆட்கள் டேப்போடு வந்து பைப்பையும் ஷீட்டையும் அளப்பார்கள். அவசரம் எதற்கு என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

இனி ஷீட் கதை. இதை மட்டுமாவது கவனமாகப் படியுங்கள்.

பாலிஹவுஸ் கூரைக்குப் போடுவது 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட். வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடாமல் இருக்க அதில் மருந்து கலந்திருக்க வேண்டும். நல்ல ஷீட் மூன்று வருடம் தாங்கும். எனக்குப் போட்டது அடுத்த வருடப் பங்குனியிலேயே அப்பளம் மாதிரி நொறுங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் கீறல் விழும். போன் பண்ணினால் "குரங்கு ஏறியிருக்கும் ணா" என்றான். எங்கள் தோட்டத்தில் குரங்கே கிடையாது.

கிழிந்த ஷீட்டில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாக வெட்டி, மண்ணைக் கழுவிக் காயவைத்து, மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். இந்த யோசனை எனக்கு வந்ததல்ல, ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தும் என் மச்சான் சொன்னது. 200 மைக்ரான் பாலித்தீன் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 185 கிராம் இருக்க வேண்டும். என்னுடையது 131 கிராம். அதாவது 140 மைக்ரான் சொச்சம். பிறகு மச்சான் மைக்ரோமீட்டர் கொண்டுவந்து பத்து இடத்தில் அளந்தான், அதுவும் அதையேதான் சொன்னது. ஷீட் ஓரத்தில் தயாரித்தவர் பெயரும் மைக்ரானும் அச்சாகியிருக்கிறதா என்று ஏற்றும் நாளிலேயே பார்த்திருந்தால் இத்தனை வேலையே இல்லை. என் ஷீட் ஓரம் வெறுமையாக இருந்தது. அன்றைக்கு நான் கூலி ஆட்களுக்கு டீ வாங்கப் போயிருந்தேன்.

மற்ற குறைகளை விரித்துச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. பைப்புகளை நட்டு போல்ட்டில் பூட்டாமல் வெல்டிங் வைத்தார்கள். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்தது. சூடு வெளியேறக் கூரையில் விடும் மேல் திறப்பு காற்றுக்கு முதுகைக் காட்ட வேண்டும். எனக்கு மேற்கே பார்த்து வைத்தார்கள். எங்கள் பக்கம் ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மி பறந்ததோ இல்லையோ, முதல் ஆடியிலேயே திறப்பு வழியாகக் காற்று புகுந்து இரண்டு வளைவின் ஷீட்டைப் பெயர்த்துத் தொங்கவிட்டது. அந்த 8 லட்சம் லிட்டர் மழைத் தண்ணீர்? வளைவுகளுக்கு நடுவே வைத்த தகரக் கால்வாயில் வாட்டமே இல்லை. தண்ணீர் நடுவில் தேங்கி, உள்ளே பாத்தியில் கொட்டி, செடி அழுகியது.

முதல் போகம் 7 டன் வந்தது. வெயில் காலத்துக்கு அது மோசமில்லை. முதல் இரண்டு லோடு 25 ரூபாய்க்கு எடுத்தார்கள், பணமும் மறுநாளே வந்தது. மூன்றாவது லோடிலிருந்து கதை மாறியது. நுனி வளைந்திருக்கிறது, நிறம் வெளுத்திருக்கிறது, நாளைக்கு வண்டி வரும், நாளன்றைக்கு வரும். வெள்ளரி வளர்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். கொடியில் விட்டால் காய் முற்றும், அடுத்த பிஞ்சு நிற்காது. பறித்து வைத்தால் சித்திரை வெயிலில் இரண்டு நாளில் தொட்டால் வளையும். காத்திருக்க முடியாதது நான் ஒருவன்தான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் 9 ரூபாய்க்குக் கேட்டார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். "சந்தை நிலவரத்துக்கு உட்பட்டு" என்று ஒரு வரி, "தரம் குறித்த முடிவு வாங்குபவருடையது" என்று இன்னொரு வரி. 25 ரூபாய் என்பது அந்தப் பச்சைப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது.

ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று 2019லேயே தனிச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. அந்தச் சட்டப்படி ஒப்பந்தத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும், விலையை முன்கூட்டியே எழுத வேண்டும். பதிவு செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஆள் நழுவினால் அதுவே பதில்.

இரண்டாம் போகத்தில் நடந்ததுதான் பச்சைத் துரோகம். நாற்று அவர்களிடமே வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒன்று 12 ரூபாய். பாலிஹவுஸைச் சுற்றிப் பூச்சி வலை இருப்பதால் தேனீ உள்ளே வராது. அதனால் மகரந்தம் இல்லாமலே காய்க்கும் விதையில்லா ரகம்தான் போட வேண்டும், அதில் கிட்டத்தட்ட எல்லாமே பெண் பூவாக இருக்கும். எனக்கு வந்த நாற்றில் 25ஆம் நாள் பார்த்தால் கணுவுக்குக் கணு ஆண் பூ. வெளித் தோட்டத்தில் போடும் சாதாரண ஒட்டு ரகத்தைக் கொடுத்திருக்கிறார்கள்! பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. என் மனைவி ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவிக்கொண்டு திரிந்தாள். 2,500 செடிக்கு அது ஆகிற காரியமா? 30,000 ரூபாய் நாற்று, உரம், ஒன்றரை மாதம், எல்லாம் போனது. நாற்று வாங்கும்போது விதைப் பாக்கெட்டையும், ரகமும் லாட் எண்ணும் போட்ட பில்லையும் கேளுங்கள். எனக்கு வெள்ளைத் தாளில் "வெள்ளரி நாற்று 2500" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் நானே விற்கக் கிளம்பினேன். ஓசூர் உழவர் சந்தையில் அட்டை எடுத்து உட்கார்ந்தால், வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து "என்னங்க இது, பிளாஸ்டிக் மாதிரி இருக்கு?" என்று நாட்டு வெள்ளரிப் பக்கம் போய்விடுவார்கள். ஒன்றை வட்டமாக நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் போட்டு நீட்டினால்தான் வாங்கினார்கள். சனிக்கிழமைகளில் இரண்டு அபார்ட்மெண்ட் வாசலில் கடை போட்டேன். அங்கே ஒரு அம்மா, "மருந்து அடிச்சதாப்பா?" என்றார். "இயற்கைங்கம்மா" என்று வாயில் வந்துவிட்டது. இலைச் சாற்றை உறிஞ்சும் செம்பேனுக்கு ஒரு தடவை மருந்து அடித்திருந்தேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை. என்னை ஏமாற்றியவனுக்கும் எனக்கும் அந்த ஒரு நிமிடம் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒரு சிலேட்டில் என்ன அடித்தேன், எந்தத் தேதியில் அடித்தேன், எத்தனை நாள் கழித்துப் பறித்தேன் என்று எழுதி வைத்தேன். சிலர் படித்துவிட்டு நகர்ந்தார்கள். அந்த அம்மா இன்றும் வாரம் இரண்டு கிலோ வாங்குகிறார்.

வேடிக்கை என்னவென்றால், இது தெரிந்து அதே கம்பெனிப் பையன் ஒரு நாள் வந்து இயற்கை வேளாண்மைப் பச்சை முத்திரை ஸ்டிக்கர் ஒன்று 2 ரூபாய்க்குத் தருகிறேன் என்றான். சான்று வாங்காமல் அந்த முத்திரையை ஒட்டுவது குற்றம். மாட்டினால் முதலில் மாட்டுவது ஒட்டியவன்தான். அன்றைக்கு அவனைத் திண்ணையில் உட்கார விடவில்லை.

இப்போது குடில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பழைய ஷீட்டைக் கழற்றிவிட்டு, பாதியில் எடை போட்டு வாங்கிய ஷீட், பாதியில் நிழல்வலை. திறப்பைக் கிழக்கே திருப்பினேன், கால்வாயைச் சரிவாக்கி ஒரு குட்டைக்கு இழுத்தேன். வெள்ளரி கால்வாசி இடத்தில்தான். மீதியில் 98 குழித் தட்டுகளில் தென்னை நார்க்கழிவு நிரப்பித் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று. சுற்றிலும் தக்காளிக்காரர்கள் இருக்கிற ஊரில் தக்காளி நாற்றுக்கு வாடிக்கை தேடி பெங்களூரு போக வேண்டியதில்லை என்பது எனக்கு உறைக்க 11 லட்சம் ஆனது. எட்டு கிலோமீட்டருக்குள்ளேயே எல்லா நாற்றும் போகிறது. கடன் இன்னும் இருக்கிறது.

வழக்குப் போட நினைப்பவர்களுக்கு: வாங்கிய விதை விஷயத்தில் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012லேயே சொல்லிவிட்டது. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்க வேண்டும். முதலில் 1915க்குப் போன் பண்ணிப் புகாரைப் பதியலாம். பில், வாட்ஸப் செய்தி, ஷீட் துண்டு, செடியின் போட்டோ எதையும் அழிக்காதீர்கள். நான் முதல் வருடத்து வாட்ஸப் பேச்சை எல்லாம் போன் மாற்றியபோது தொலைத்துவிட்டு இன்று வக்கீலிடம் திட்டு வாங்குகிறேன்.

போன வாரம் பக்கத்து ஊர் மளிகைக் கடைக்காரர் வந்தார். ஒரு ஏக்கரில் பாலிஹவுஸ் போடப் போகிறாராம், கட்டுவதும் வாங்குவதும் ஒரே கம்பெனியாம். கார்டைக் காட்டினார். கம்பெனிப் பெயர் புதுசு, போன் நம்பர் பழசு. நான் எதுவும் பேசவில்லை. உள்ளே போய் அந்த ஒரு மீட்டர் ஷீட் துண்டை மடித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். தராசு அவர் கடையிலேயே இருக்கிறது.