ஜாரோவும் கோன் வேலியும்: 1907 ஜூலையின் இரண்டு இடைத்தேர்தல்கள்

பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் தொடக்க காலத்தைப் பற்றி எழுதுபவர்கள் 1907 ஜூலைக்கு வந்ததும் இரண்டு இடைத்தேர்தல்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். ஜூலை 4 ஜாரோ, ஜூலை 18 கோன் வேலி. இரண்டும் தொழில் தொகுதிகள். இரண்டும் ஆளும் லிபரல் கட்சி கையில் இருந்தவை. இரண்டிலும் அந்தக் கட்சி தோற்றது, தொழிலாளர் பக்கத்து ஆள் ஜெயித்தார். சோஷலிச அலை அடிக்கிறது என்று சொல்ல இது போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். எண்களையும் ஆட்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொழிலாளியின் குரலைப் பார்லிமென்டுக்குக் கொண்டுபோக அன்று இருந்த இரண்டு வழிகள் தெரிகின்றன. அவை ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத வழிகள். ஜாரோவில் ஜெயித்தவர் கட்சித் தலைமையின் வேட்பாளர். கோன் வேலியில் ஜெயித்தவருக்குத் தலைமை அங்கீகாரமே தரவில்லை.

முதலில் ஜாரோ. டைன் நதியின் தென்கரையில் இருக்கும் இந்த ஊர் பாமர் கம்பெனியை நம்பி வளர்ந்தது. சார்லஸ் மார்க் பாமர் அங்கே தொடங்கிய கப்பல் கட்டும் தளத்தில் 1852-ல் 'ஜான் போவ்ஸ்' என்ற நீராவி நிலக்கரிக் கப்பல் கட்டப்பட்டது. அப்புறம் உலைகள், உருட்டாலைகள் என்று இரும்பை உருக்குவது முதல் கப்பலை ஆற்றில் இறக்குவது வரை எல்லாம் ஒரே நிறுவனத்தின் கைக்குள் வந்தன. ஊருக்கு முதல் மேயர் பாமர்தான். 1885-ல் தொகுதி உருவானது முதல் 1907 ஜூனில் இறக்கும்வரை எம்.பி.யும் அவர்தான். சம்பளம் கொடுப்பவரும் ஓட்டுக் கேட்பவரும் ஒரே ஆளாக இருந்த இடத்தில் அவரை எதிர்த்து நிற்பது லேசான காரியம் இல்லை.

அப்படி நின்றவர் பீட் கர்ரன். கிளாஸ்கோவில் ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர், கேஸ் தொழிலாளர் சங்கத்தின் அமைப்பாளர். 1897-ல் பார்ன்ஸ்லி இடைத்தேர்தலில் சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதியில் நின்று, அவர்களுடைய சங்கத் தலைமையே லிபரல் பக்கம் சாய்ந்ததால் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்ட அனுபவம் அவருக்கு உண்டு. 1906 பொதுத்தேர்தலில் ஜாரோவில் பாமருடன் நேருக்கு நேர் மோதினார். பாமருக்கு 8,047 வாக்குகள், கர்ரனுக்கு 5,093.

பாமர் மறைந்ததும் நான்குமுனைப் போட்டி. தொழிற்கட்சிக்குக் கர்ரன், கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வழக்கறிஞர் பாட்ரிக் ரோஸ்-இன்ஸ், லிபரல் கட்சிக்குப் பத்திரிகையாளர் ஸ்பென்சர் லீ ஹியூஸ். நான்காவது ஆள்தான் கணக்கைக் கலைத்தவர். ஐரிஷ் தேசியவாதிகள் சார்பில் ஜான் ஓஹான்லன் என்ற உள்ளூர்க்காரர் களமிறங்கினார். கப்பல் தளத்திலும் உலைகளிலும் வேலைக்கு வந்து குடியேறிய ஐரிஷ்காரர்கள் ஜாரோவில் ஏராளம். வழக்கமாக லிபரலுக்கு விழும் ஓட்டு அவர்களுடையது. ஆனால் அந்த ஆண்டு லிபரல் அரசு கொண்டுவந்த ஐரிஷ் கவுன்சில் மசோதா, அயர்லாந்து கேட்ட தன்னாட்சியில் ஒரு துண்டைக்கூடத் தரவில்லை என்று டப்ளின் மாநாட்டில் மே மாதம் நிராகரிக்கப்பட்டது. அந்தக் கோபம் ஜாரோவில் தனி வேட்பாளராக வெளிப்பட்டது.

முடிவைப் பாருங்கள். கர்ரன் 4,698. ரோஸ்-இன்ஸ் 3,930. ஹியூஸ் 3,474. ஓஹான்லன் 2,122. கர்ரன் 768 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். 1906-ல் தோற்றபோது வாங்கியதைவிட 395 வாக்குகள் குறைவாக வாங்கித்தான் கர்ரன் 1907-ல் ஜெயித்தார். மொத்த வாக்கில் அவருக்குக் கிடைத்தது 33 சதவீதம். அவருடைய ஓட்டு வளரவில்லை, எதிரில் இருந்த ஓட்டுதான் மூன்றாக உடைந்தது. ஹியூஸ் வாக்கோடு ஓஹான்லன் வாக்கைச் சேர்த்தால் 5,596. ஐரிஷ்காரர் நிற்காமல் இருந்திருந்தால் அந்த 2,122-ம் அப்படியே லிபரலுக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது, கர்ரனுக்கும் ஒரு பங்கு வந்திருக்கும். ஆனாலும் இதை அலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைச் சொல்வதால் கர்ரனின் உழைப்பைக் குறைத்துப் பேசுவதாக ஆகாது. ஓட்டு சிதறும் நாளில் சிதறாத ஓட்டு ஒன்று கையில் இருந்தால்தான் ஜெயிக்க முடியும். அந்த ஓட்டைச் சேர்த்து வைத்தது சங்க வேலை. வாரச் சந்தா, கிளைக் கூட்டம், வீடுவீடாகப் போகும் ஆட்கள் என்று வருடக்கணக்கில் நடந்த, யார் கண்ணிலும் படாத வேலை.

இப்போது கோன் வேலி. யார்க்‌ஷயரில் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு மேற்கே, பென்னைன் மலைச்சரிவில் ஊர் ஊராகக் கிடக்கும் தொகுதி. ஸ்லாத்வெய்ட், மார்ஸ்டன், மலைக்கு அந்தப் பக்கம் சேடில்வொர்த். கம்பளி ஆலைகள், சின்னச் சின்ன ஊர்கள், ஊருக்கு ஊர் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகள். ஜாரோவைப் போல ஒரே பெரிய முதலாளி கிடையாது, ஒரே பெரிய தொழிற்சங்கமும் கிடையாது. கம்பளித் தொழிலில் சங்கம் பலவீனம். நெசவாளிகளில் பெண்கள் ஏராளம், அவர்களுக்கு ஓட்டுரிமை இல்லை.

அதுவரை எம்.பி.யாக இருந்தவர் லீட்ஸின் ரயில் எஞ்சின் உற்பத்தியாளர் சர் ஜேம்ஸ் கிட்சன். அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்து ஏர்டேல் பிரபுவாக மேலவைக்குப் போனதால் இடம் காலியானது. அங்கே மும்முனைப் போட்டி. லிபரல் கட்சி ஃபிலிப் பிரைட்டை நிறுத்தியது. தானிய இறக்குமதிக்கு வரி போட்ட தானியச் சட்டத்தை எதிர்த்துப் போராடிய ஜான் பிரைட்டின் மகன். அந்தப் பெயருக்கு அந்த மலைப் பக்கத்தில் தனி மரியாதை உண்டு. சுதந்திர வணிகம்தான் அவர் சரக்கு. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் கிரான்வில் வீலர் இறக்குமதி வரிக்காகப் பேசினார். அந்தப் பேச்சை அங்கே யாரும் சும்மா ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் 1890-ல் அமெரிக்கா விதித்த கடும் வரி யார்க்‌ஷயர் கம்பளித் தொழிலை எப்படிப் பாதித்தது என்பதை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்.

மூன்றாவது ஆள் விக்டர் கிரேசன். வயது 25. லிவர்பூல் தச்சர் வீட்டுப் பிள்ளை, எஞ்சினியரிங் பட்டறையில் தொழில் பழகியவர், அப்புறம் யூனிட்டேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர் ஆவதற்காக மான்செஸ்டரில் படித்தவர். படிப்பை விட்டுவிட்டு மேடைக்கு வந்துவிட்டார். பிரசங்கம் கேட்டுப் பழகிய ஊர்களில், பிரசங்கம் செய்யக் கற்ற ஒருவர் சோஷலிசம் பேசினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூலி உயர்வு, வேலை நேரம் என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. முதலாளித்துவமே ஒழிய வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி ஓட்டுக் கேட்டார். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்றார். பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் தலைவர் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் தொகுதிக்கே வந்து லிபரலுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார்.

சிக்கல் வேட்பாளர் தேர்வில் இருந்தது. உள்ளூர் அமைப்பான கோன் வேலி லேபர் லீக் இவரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. சங்கங்களையும் மத்தியக் குழுவையும் கலந்து பேசி முடிவெடுக்கும் முறை பின்பற்றப்படவில்லை என்பது தலைமையின் வாதம். தொழிற்கட்சி அங்கீகாரம் தரவில்லை. சாதாரண நடைமுறைத் தகராறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1903-ல் தொழிற்கட்சித் தரப்பின் ராம்சே மெக்டொனால்டும் லிபரல் கட்சியின் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டனும், சில தொகுதிகளில் ஒருவரை எதிர்த்து ஒருவர் நிற்பதில்லை என்று ரகசியமாக உடன்பாடு செய்திருந்தார்கள். 1906-ல் தொழிற்கட்சி 29 இடம் பெற்றதற்கு அதுவும் முக்கியக் காரணம். உள்ளூர்க் கிளைகள் ஆளாளுக்கு வேட்பாளரை நிறுத்த ஆரம்பித்தால் அந்தக் கட்டடம் நிற்காது. தலைமையின் பயம் எனக்குப் புரிகிறது.

ஜூலை 18 வாக்குப்பதிவு. கிரேசன் 3,648, பிரைட் 3,495, வீலர் 3,227. வித்தியாசம் 153 வாக்குகள்தான். சதவீதம் பார்த்தால் 35, அதாவது கர்ரனைவிடக் கொஞ்சம் கூடுதல். மூன்று பேருக்கும் இடையே மொத்த இடைவெளியே 421 வாக்கு.

கிரேசனின் வெற்றியை ஒரு பேச்சாளரின் மாயம் என்று சொல்வது வழக்கம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த லீகின் வேர் 1891-ல் இருக்கிறது. அந்த ஆண்டே கோன் வேலி லேபர் யூனியன் தொடங்கியாயிற்று, பிராட்ஃபோர்டில் தொழிற்கட்சிக்கு முன்னோடியான சுதந்திரத் தொழிற்கட்சி பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே. 1895-ல் தொழிற்சங்கத் தலைவர் டாம் மேன் அங்கே நின்று 1,245 வாக்கு வாங்கினார். அதற்குப் பிறகும் லேபர் கிளப்புகள், உள்ளூர் கவுன்சில் தேர்தல்கள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் என்று பதினாறு வருட உழைப்பு. சங்கம் பலவீனமாக இருந்ததால் அந்த வேலையைச் சங்கத்துக்குப் பதிலாகக் கிளப்புகளும் சபை மனிதர்களும் செய்தார்கள். கிரேசன் பற்ற வைத்தார், விறகு ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தது.

ஆகப் பொதுவாகச் சொல்லப்படுவதற்கு நேர்மாறாக இருக்கிறது நிலைமை. அமைப்பின் வெற்றி என்று பேர் வாங்கிய ஜாரோவில் எதிரிகளின் பிளவு பெரும் பங்கு வகித்தது. தனிமனித வெற்றி என்று பேர் வாங்கிய கோன் வேலியில், ஓட்டு உடைக்க ஓர் ஓஹான்லன் இல்லாமலே, இரண்டு பெரிய கட்சிகளையும் வெளிப்படையான சோஷலிசம் பேசி முந்தினார்கள். ஓட்டு வாங்கும் கலையை வைத்து மட்டும் மார்க் போடச் சொன்னால் கோன் வேலிக்குத்தான் போடுவேன்.

ஆனால் ஜெயித்த பிறகு? அங்கேதான் தராசு மறுபக்கம் சாய்கிறது. கர்ரன் போய் உட்கார ஓர் அணி இருந்தது, கொறடா இருந்தார், சம்பளம் இருந்தது. அன்று எம்.பி.க்களுக்கு அரசு சம்பளம் கிடையாது, அது 1911-ல்தான் வந்தது. சங்கச் சந்தாவிலிருந்து கட்சி தந்த பணத்தில்தான் தொழிலாளி எம்.பி. லண்டனில் குடும்பம் நடத்த முடிந்தது. கிரேசன் கட்சியின் உறுதிமொழியில் கையெழுத்துப் போடவில்லை. சபையில் தனியாளாக உட்கார்ந்தார்.

1908 அக்டோபரில் அது உச்சத்துக்கு வந்தது. வேலையில்லாதோர் பட்டினி கிடக்கும்போது மதுக்கடை உரிம மசோதாவைப் பேசிக்கொண்டிருக்கிறீர்களா என்று கிரேசன் சபையை நிறுத்தப் பார்த்தார். சபாநாயகர் அனுமதிக்கவில்லை. அவர் அடங்கவில்லை. சொந்த வர்க்கத்துக்கே துரோகம் செய்கிறீர்கள் என்று தொழிற்கட்சி உறுப்பினர்களைப் பார்த்தும் கத்தினார். கடைசியில் இடைநீக்கம். அவர் எழுப்பிய பிரச்சினை நூற்றுக்கு நூறு நியாயமானது, ஏனென்றால் அந்தக் குளிர்காலத்தில் வேலையின்மை கடுமையாக இருந்தது. ஆனால் பக்கத்தில் எழுந்து நிற்க ஆள் இல்லாத நியாயம் சபைக் குறிப்பேட்டோடு முடிந்துபோனது. அணியில் இருந்தவர்களாவது வேலை கேட்கும் உரிமைக்கு ஒரு மசோதா கொண்டுவந்து வாக்கெடுப்புவரை போனார்கள். அதுவும் தோற்றது, ஆனால் யார் எந்தப் பக்கம் என்பது நாடு முழுக்கத் தெரிந்தது.

மறுபக்கம், அணியில் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. லிபரலோடு செய்த உடன்பாட்டைக் காப்பாற்ற வேண்டிய கட்சி, லிபரல் அரசை எந்த அளவுக்குக் குடைய முடியும்? அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு கிரேசன் தேவைப்பட்டார். 1908-ல் வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டம், 70 வயதானவருக்கு வாரம் 5 ஷில்லிங், ஏற்கெனவே பேச்சில் இருந்ததுதான். இருந்தாலும் பதினான்கு நாளில் இரண்டு கோட்டைகளை இழந்த அரசு அதை இழுத்தடிக்க முடியாமல் போனதில் இந்த இரண்டு தொகுதிகளுக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

எனவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், நான் ஜாரோ வழியை எடுப்பேன், ஒரு நிபந்தனையோடு. வேட்பாளர் தேர்வில் தலைமை கோன் வேலிக்காரர்களின் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். பதினாறு வருடம் தொகுதியில் வேலை பார்த்தவர்களிடம் விதிப்புத்தகத்தைக் காட்டி ஒதுங்கிக்கொண்டது பெரும் தவறு. அங்கீகாரம் கொடுத்து, கையெழுத்து வாங்கி, அணிக்குள் உட்கார வைத்திருந்தால் 25 வயது இளைஞரை வழிநடத்தப் பக்கத்தில் நான்கு பேர் இருந்திருப்பார்கள். தனிமையும் புகழும் குடியும் சேர்ந்து அவரைத் தின்றதில் கட்சிக்கும் பொறுப்பு இருக்கிறது.

1910 ஜனவரியில் இருவருமே தோற்றார்கள். கர்ரன் சொற்ப வித்தியாசத்தில் பாமரின் மகனிடம் தோற்று, அடுத்த மாதமே இறந்தார். கிரேசன் மூன்றாம் இடத்துக்குப் போனார். 1920-ல் காணாமல் போனவருக்கு என்ன ஆனது என்று இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. இரண்டு தொகுதிகளும் தொழிற்கட்சிக்குத் திரும்ப வந்தது 1922-ல். கோன் வேலியை மீட்டவர், பின்னாளில் கட்சியின் முதல் நிதியமைச்சரான ஃபிலிப் ஸ்னோடன், இந்த முறை தலைமையின் முழு அங்கீகாரத்தோடு.