நாலு குளிர்காலம், ஆறு அப்டேட்: என் மின்காரின் சார்ஜ் கணக்கு

2021 அக்டோபரில் நோர்வேயின் ஒஸ்லோவில் இந்த மின்காரை எடுத்தேன். நாலு குளிர்காலம் ஓடிவிட்டது, கிலோமீட்டர் 80,000ஐத் தாண்டிவிட்டது. இதற்குள் ஆறு தடவை மென்பொருள் மாறியிருக்கிறது. பற்றரியும் மோட்டாரும் அன்று வந்தவைதான். ஆனால் சார்ஜ் ஏறும் விதம், வேகம் குறையும் விதம், திரையில் காட்டும் தூரம் எல்லாம் மாறிவிட்டன.

காரின் பெயரைச் சொல்லவில்லை. கீழே வரும் குறைகள் ஒரு நிறுவனத்தோடு முடிகிறவை அல்ல, பெயரைச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். 70 சொச்சம் கிலோவாட்-மணி கொள்ளளவுள்ள பற்றரி, பின்சக்கர மோட்டார், சிசிஎஸ் என்ற வேகச் சார்ஜ் இணைப்பு. இவ்வளவு தெரிந்தால் போதும்.

மனைவியின் அண்ணா குடும்பம் துரொன்ஹைமில் இருக்கிறது. வருடத்தில் மூன்று நாலு தடவை போய்வருவோம். ஈ6 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். கோடையில் வழியில் உள்ள டொம்போஸ் என்ற ஊரில் ஒரு தரம் சார்ஜ் ஏற்றினால் போதும். குளிர்காலத்தில் லில்லஹாமரில் கொஞ்சம், டொம்போஸில் மிச்சம். அதற்குப் பிறகு டோவ்ரமலை ஏற்றம் இருப்பதால் டொம்போஸைத் தவறவிட முடியாது. ஒரே பாதை, ஒரே இடம் என்பதால் முதல் பயணத்திலிருந்தே ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன்: திகதி, வெளி வெப்பநிலை, எத்தனை வீதச் சார்ஜில் செருகினேன், 80 வீதத்துக்கு எத்தனை நிமிடம், சார்ஜர் கணக்கில் எத்தனை கிலோவாட்-மணி. இந்தக் கொப்பி இல்லையென்றால் இன்று இதை எழுத என்னிடம் ஒன்றும் இருந்திராது. அப்டேட்டோடு வரும் குறிப்புகளில் பாட்டுச் செயலி பற்றியும் திரையின் நிறம் பற்றியும் எழுதுவார்கள். சார்ஜ் பற்றி அநேகமாக ஒரு வரியும் இராது.

முதல் குளிர்காலத்தை மறக்கமாட்டேன். 2022 ஜனவரி, வெளியே மைனஸ் 17. டொம்போஸில் 18 வீதத்தில் செருகினால் 42 கிலோவாட் வேகத்தில்தான் ஏறியது. 80 வீதம் வர 58 நிமிடம். முதல் இலையுதிர்காலத்தில் அதே இடத்தில் 34 நிமிடம்தான் எடுத்திருந்தது. பின்னிருக்கையில் பிள்ளைகள் போர்வைக்குள், நான் சார்ஜரில் ஏதோ பழுது என்று நினைத்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் அதே 42.

சார்ஜரில் பழுது இல்லை. லித்தியம் பற்றரி குளிர்ந்திருக்கும்போது வேகமாக ஏற்றினால், லித்தியம் பற்றரிக்குள் இருக்கும் கிராஃபைட் மின்முனைக்குள் புகுவதற்குப் பதிலாக அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியத் தொடங்கும். அப்படிப் படிந்தால் பற்றரியின் கொள்ளளவு குறையும், படிவு வளர்ந்தால் உள்ளே குறுக்குச்சுற்றுக்கும் வழி. ஆகவே பற்றரி மேலாண்மை மென்பொருள் வெப்பநிலையைப் பார்த்து ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிறது. நாம் சார்ஜ் வேகம் என்று சொல்வதில் பாதிக்கு மேல் இந்த மென்பொருளின் முடிவுதான். எத்தனை பாகையில், எத்தனை வீதத்தில், எத்தனை கிலோவாட் என்று ஒரு அட்டவணை உள்ளே இருக்கிறது. அப்டேட் அந்த அட்டவணையைத் தொட்டால் கார் மாறிவிடும்.

முதல் அப்டேட்டுக்கு 2022 வசந்தத்தில் காரை ஒரு நாள் முழுக்கக் கராஜில் விடவேண்டி வந்தது. உச்ச வேகம் 100இலிருந்து 125 கிலோவாட் ஆனது. கால்வாசி கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கொப்பியில் வந்தது வேறு: 34 நிமிடம் 31 ஆனது, அவ்வளவுதான். 125 என்ற எண் 30 வீதம் வரைதான் நிற்கும், பிறகு படிப்படியாக இறங்கும். கார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: உச்ச எண்ணைப் பார்க்காதீர்கள், 10இலிருந்து 80 வீதத்துக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்.

இரண்டாவது அப்டேட் வான்வழி, அதாவது கம்பியில்லா இணையம் மூலம் நேரே காருக்கு வந்தது, 2022 நவம்பரில். நடுவில் கதவு, திரை போன்றவற்றை இயக்கும் சிறிய 12 வோல்ட் பற்றரி இறங்கி, கார் கதவைக்கூடத் திறக்கவில்லை. இழுவை வண்டியில் ஏற்றிக் கராஜுக்கு அனுப்பினோம், நாலு நாள் கழித்து வந்தது. அன்றிலிருந்து பயணத்துக்கு முதல்நாள் இரவு எந்த அப்டேட்டையும் தொடுவதில்லை.

அதே அப்டேட்டுக்குப் பிறகு இன்னொரு குழப்பம். முழுச் சார்ஜில் 410 கிலோமீட்டர் காட்டிய திரை 372 காட்டியது. இதே கார் வைத்திருக்கும் இரண்டு அண்ணைமார் கோல் எடுத்து, "தம்பி, எங்கட பற்றரியில கை வைச்சிட்டாங்கள்" என்றார்கள். எனக்கும் வயிறு கலங்கியது. வார இறுதியில் 12 வீதத்தில் செருகி 80 வரை ஏற்றிப் பார்த்தேன். உள்ளே போன கிலோவாட்-மணி பழைய கணக்கோடு ஒரு கிலோவாட்-மணி வித்தியாசத்துக்குள் பொருந்தியது. பற்றரியில் ஒன்றும் குறையவில்லை. தூரத்தை ஊகிக்கும் முறை மாறியிருக்கிறது: முன்பு பொதுவான சராசரி, இப்போது குளிரையும் ஹீட்டரையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. சொல்லப்போனால் 372தான் உண்மைக்குக் கிட்ட. இதை ஒரு வரியில் எழுதியிருந்தால் எத்தனை பேரின் பதற்றம் மிச்சமாகியிருக்கும்!

அண்ணைமாரின் பயம் வெறுங்கற்பனையும் அல்ல. 2019இல் டெஸ்லா பழைய மொடல் எஸ் கார்கள் சிலவற்றில் அப்டேட் மூலம் பற்றரியின் உச்ச மின்னழுத்தத்தைக் குறைத்தது. அமெரிக்காவில் அது வழக்காகி, 2021இல் 15 லட்சம் டொலர் இழப்பீட்டில் முடிந்தது. 1,743 கார்கள், ஒவ்வொருவருக்கும் 625 டொலர். அந்தக் கட்டுப்பாடு பிறகு படிப்படியாகத் தளர்த்தப்பட்டது.

குறைக்கவேண்டிய நேரமும் உண்டு என்பதற்கு ஹுண்டாய் கோனா மின்கார் சாட்சி. தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு 2020இல் கொரியாவில் மென்பொருளை மாற்றினார்கள். அப்டேட் செய்த கார் ஒன்றே 2021 ஜனவரியில் டெகு நகரில் தீப்பிடித்தது. கடைசியில் உலகம் முழுக்க 80,000க்கும் மேற்பட்ட கார்களுக்குப் பற்றரித் தொகுதியையே மாற்ற முடிவெடுத்தார்கள். செல்லில் குறை இருந்தால் மென்பொருளால் அதை மூடிவைக்க முடியாது.

என் காருக்கு வந்ததில் மிகச் சிறந்தது மூன்றாவது, 2023 இலையுதிர்காலத்தில். காரின் வரைபட வழிகாட்டியில் சார்ஜரைப் போகுமிடமாகக் குறித்தால், போகும் வழியிலேயே பற்றரியைச் சூடாக்கத் தொடங்கும். அந்த டிசம்பரில் மைனஸ் 15இல் டொம்போஸில் 17 வீதத்தோடு நின்றேன். செருகியவுடன் 96 கிலோவாட்! 80 வீதத்துக்கு 37 நிமிடம். இரண்டு வருடம் முன்பு இதே இடத்தில் 58. பிள்ளைகள் சூப் குடித்து முடிப்பதற்குள் கார் தயார். ஒரு பாகமும் மாற்றவில்லை, ஹீட்டர் தொடக்கத்திலிருந்தே காரில் இருந்தது. அப்படியென்றால் முதல் இரண்டு குளிர்காலம் ஏன் காத்திருந்தோம் என்ற கேள்வி எனக்கு இன்னும் போகவில்லை.

இதற்கும் ஒரு விலை உண்டு. சூடாக்க ஏறக்குறைய 3 கிலோவாட்-மணி போகிறது, அதாவது நாலு வீதம் குறைவாகப் போய்ச் சேருவீர்கள். மலைப்பாதையில் அந்த நாலு வீதத்தைக் கணக்கில் வைக்கவேண்டும். கைபேசி வரைபடத்தைப் பார்த்து ஓட்டினால் காருக்கு நீங்கள் சார்ஜருக்குப் போவது தெரியாது, சூடாக்காது. நாலாவது அப்டேட்டில் கையால் தொடங்கும் பொத்தான் ஒன்று வந்தது, இப்போது அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

அதே நாலாவதில் ஓட்டமும் மாறியது. பின்சக்கர மோட்டார் என்பதால் பனிக்கட்டி வீதியில் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் மின்பிரேக் (மோட்டாரே காரைப் பிடித்து வேகத்தைக் குறைப்பது) பிடித்து பின்பக்கம் வழுக்கப் பார்க்கும். இறக்கத்தில் இரண்டு தடவை நெஞ்சு பதறியிருக்கிறது. இப்போது வழுக்கலை முன்னதாக உணர்ந்து பிடியைத் தளர்த்துகிறது. 2018இல் அமெரிக்க நுகர்வோர் சோதனை அமைப்பான கன்சூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்தபோது, டெஸ்லா மொடல் 3 மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்தது. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு 133 அடி. அன்று செய்தியாகப் படித்தபோது அதிகம் நம்பவில்லை. என் கார் பனியில் நேராக நின்றபோது நம்பினேன்.

காசுக்கு விற்கும் வேகத்தில் எனக்கு ஆசை இல்லை. 2021 இறுதியில் போல்ஸ்டார் 2 என்ற மின்காருக்கு 50 கிலோவாட் கூடுதல் திறனை மென்பொருளாக விற்றார்கள், மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடும் நேரம் 4.7இலிருந்து 4.4 விநாடியானது. வேண்டியவர்கள் வாங்கட்டும். சார்ஜ் வேகத்தையும் இப்படி விற்கத் தொடங்கினால் நான் கட்டாயம் எதிர்ப்பேன்.

இனி, மனவருத்தம் தந்த ஐந்தாவது. 2024 மே. குறிப்பில் 'நிலைத்தன்மை மேம்பாடு' என்று மட்டும் இருந்தது. ஜூனில் டொம்போஸில் 31 நிமிடம் 36 ஆனது. முதலில் கடைசிக் கோடைகளின் பக்கங்களைப் புரட்டினேன், வெப்பநிலை அதே 18 பாகைதான். வேறு நிறுவனத்தின் சார்ஜரில் பார்த்தேன், ஜூலையில் இன்னொரு தரம் பார்த்தேன். மூன்று தடவையும் 60 வீதத்தில் 80 கிலோவாட் இருந்த இடத்தில் 62தான். கராஜில் கேட்டால் காரில் பிழை காட்டவில்லை என்றார்கள். எழுத்தில் கேட்டு, ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது: பற்றரியின் ஆயுளைக் காக்கச் செய்த மாற்றம்.

காரணம் நியாயமானதாக இருக்கலாம். ஐந்து நிமிடமும் பெரிய இழப்பல்ல, முன்கூட்டியே சொல்லியிருந்தால் சம்மதித்திருப்பேன். ஆனால் நான் வாங்கிய பொருளை, என் வீட்டு வாசலில் நிற்கும்போது, என்னிடம் சொல்லாமல் மாற்றியதை ஏற்க முடியவில்லை. சார்ஜ் அட்டவணையைத் தொட்டால் தொட்டோம் என்று எழுதவேண்டும். பழைய 10–80 நேரம் இது, புதியது இது என்று இரண்டு எண் போதும். கொப்பி வைத்திருந்ததால் எனக்குப் பதிலாவது கிடைத்தது. இதே காரை வைத்திருக்கும் மற்ற இருவருக்கும் மாற்றம் நடந்ததே தெரியாது.

ஆறாவதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை, சார்ஜ் நேரம் அப்படியே 36.

ஏழாவது இறங்கி மூன்று நாளாகத் திரையில் காத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை துரொன்ஹைம் போகிறோம். இந்தத் தடவையும் டொம்போஸில் பழைய மென்பொருளோடு ஒரு வரி எழுதிவிட்டு, திரும்பி வந்த பிறகுதான் ஏற்றுவேன்.