2,380 கிராமா, 960 கிராமா: கூடாரத்தை மாற்றலாமா என்று யோசித்த இரண்டு வருடங்கள்

என் பழைய கூடாரத்தில் ஒன்பது வருடங்களில் 147 இரவுகள் தூங்கியிருக்கிறேன். இவ்வளவு சரியாகக் கணக்குச் சொல்ல முடிவதற்குக் காரணம் என் தங்கை. ஒவ்வொரு இரவுக்கும் கூடாரப் பையின் உட்புறத்தில் அழியாத மையால் ஒரு கோடு போட்டுவிடுவாள். முதல் 112 கோடுகள் அவள் போட்டவை, மீதி நான் போட்டவை. ஆறு வருடம் இருவரும் சேர்ந்தே நடந்தோம். அப்புறம் அவளுக்குக் குழந்தை பிறந்தது, நான் தனியாக நடக்க ஆரம்பித்தேன். கூடாரம் கனமாக இருக்கிறதே, மாற்றலாமா என்ற எண்ணம் அதன் பிறகுதான் எனக்கு வந்தது.

அது இரண்டு பேர் படுக்கும் இரட்டைச் சுவர் கூடாரம். உள்ளே வலைத்துணி அறை, மேலே மழை தாங்கும் நைலான் வெளித்துணி, இரண்டையும் தூக்கி நிறுத்த அலுமினியக் கம்பிகள். கம்பிகளைக் கோத்து வளைத்துவிட்டால் ஒரு முளைகூட அடிக்காமல் தானாகவே நிற்கும். முளை இறங்காத பாறையிலும், பலகை மேடையிலும், கெட்டித் தரையிலும் அதை நிறுத்தியிருக்கிறேன். படுத்த பிறகு முதுகில் கல் உறுத்தினால் எழுந்து, கூடாரத்தை அப்படியே தூக்கி நாலடி தள்ளி வைத்துக்கொள்ளலாம். இருட்டில் களைத்து வந்து சேர்கிற நாளில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சரி, எடைக்கு வருகிறேன். விற்பவர்கள் சொல்லும் எடையில் பல சமயம் முளையும் கயிறும் பையும் சேராது என்பதால், ஒவ்வொரு பாகத்தையும் நானே தராசில் வைத்தேன். உள்ளறை 620 கிராம், வெளித்துணி 690, கம்பிகள் 480, முளைகளும் இழுகயிறுகளும் 260, அடியில் விரிக்கும் தரைவிரிப்பு 250, பைகள் 80. மொத்தம் 2,380 கிராம். இருவராக நடந்தபோது உள்ளறையும் கம்பிகளும் தங்கையின் பையில் போகும். என் பங்குக்கு 1,280 கிராம்தான். அவள் வராமல் போனதும் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. கூடாரத்தின் எடை என்னவோ அதேதான்.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால், இருப்பதிலேயே என்ன குறைக்கலாம் என்று பார்த்தேன். யாராக இருந்தாலும் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன். தடித்த தரைவிரிப்புக்குப் பதிலாக, குளிர் புகாமல் இருக்க ஜன்னலில் ஒட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை அளவாக வெட்டிப் போட்டதில் 200 கிராம் மிச்சம். துணியையும் கம்பியையும் தனித்தனிப் பையில் போடாமல் நேரே பேக்பேக்கில் திணித்தால் இன்னொரு 80. உள்ளறையையே விட்டுவிட்டு வெளித்துணியை மட்டும் கம்பிமேல் போட்டும் ஒரு முறை போனேன். 620 கிராம் குறைந்தது உண்மை, ஆனால் விடிய விடியக் கொசு. அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன். இப்படிச் செய்து 2,100 வரை இறக்க முடிந்தது. அதற்குக் கீழே போகவில்லை, ஏனென்றால் மீதி எடை கூடாரத்தின் எலும்பிலேயே இருக்கிறது.

இதற்கிடையில் கூடாரத்துக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. ஐந்தாவது வருடம் கம்பிகளுக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறு தளர்ந்துபோனது. அதை மாற்றுவது அரை மணி நேர வேலை. ஏழாவது வருடம் கதவு ஜிப் பல் பிடிக்காமல் திறந்துகொண்டது. மணல் புகுந்து ஓடி ஓடி, பல்லை விடச் சீக்கிரம் அதன் ஓட்டிதான் தேய்ந்துபோகிறது. குறட்டால் ஓட்டியின் இரு பக்கத்தையும் மெல்ல நெருக்கினால் சில மாதம் ஓடும். பெரிய கவலை தரைத்துணியைப் பற்றியது. அதன் உள்பக்கப் பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்து, புளித்த வாடை அடிக்க ஆரம்பித்தது. இந்தப் பூச்சை ஈரம் மெதுவாகச் சிதைக்கும். கூடாரத்தை முழுக்கக் காயவைக்காமல் சுருட்டிப் பெட்டியில் போட்ட ஒவ்வொரு தடவையும் அந்தச் சிதைவுக்கு நானே வழி விட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. உங்கள் கூடாரம் எதுவாக இருந்தாலும், வீடு வந்த அன்றே விரித்துப் போடுங்கள். உலர்ந்த பிறகு ஒரு பெரிய பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள்.

மாற்று என்ன என்று தேடியபோது முதலில் கையில் கிடைத்தது நண்பர் இரவல் கொடுத்த ஒற்றைச் சுவர் டைனீமா கூடாரம். முளைகளோடு சேர்த்து 600 கிராம்தான். பந்தயப் பாய்மரப் படகுகளின் பாய்க்காக உருவான துணி வகை அது. மிக உறுதியான பாலிஎத்திலீன் இழைகளை இரண்டு மெல்லிய படலங்களுக்கு நடுவே வைத்து ஒட்டியிருப்பார்கள். நனைந்தாலும் தண்ணீரைக் குடிக்காது, தொய்யாது. நைலான் அப்படி இல்லை. ஈரத்தை உறிஞ்சி நீண்டுவிடும், அதனால்தான் மாலையில் விறைப்பாகக் கட்டிய பழைய கூடாரம் நடு இரவில் தொய்ந்து நிற்கும். மழையில் வெளியே போய்க் கயிற்றை இழுத்துக் கட்டுகிற வேலை ஒன்பது வருடமும் எனக்கு இருந்தது. டைனீமாவில் அந்த வேலையே இல்லை.

ஆனாலும் நான்கு இரவுக்குப் பிறகு அதை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணம் ஈரம். மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறுகிற ஈரம், வெளியே குளிர்ந்திருக்கும் சுவரில் பட்டு நீராகக் கோத்துக்கொள்கிறது. இரட்டைச் சுவர் கூடாரத்திலும் இதே அளவு நீர்தான் கோக்கிறது. அங்கே அது வெளித்துணியின் உள்பக்கம் வழிந்து ஓரமாக மண்ணில் இறங்கிவிடும், நடுவில் வலை இருப்பதால் நம்மேல் படாது. ஒற்றைச் சுவரில் காலை நீட்டினால் ஸ்லீப்பிங் பேக் சுவரை உரசும், உரசிய இடம் நனையும். இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் வெப்பம் தராது. ஓடைக்கரையில் தங்கிய மூன்றாம் இரவில் கால்பக்கம் முழுக்க ஈரம். மறுநாள் வெயில் வந்ததால் காய்ந்தது. வராவிட்டால் என்ன செய்திருப்பேன் என்ற நினைப்பு நடந்த வழியெல்லாம் கூடவே வந்தது.

அந்தத் துணிமேல் எனக்குக் குறை இல்லை. வறண்ட பகுதியில் நடப்பவர்களுக்கும், ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போகத் தெரிந்தவர்களுக்கும் அது அருமையான கருவி. விலையும் அதிகம், கல்லில் உரசினால் தேயவும் செய்யும். நான் நடப்பதில் பாதி நாள் மழைதான், அதனால் எனக்கு ஒத்துவரவில்லை.

கடைசியில் நான் வாங்கியது ஒருவர் படுக்கும் பாலியஸ்டர் கூடாரம். இரட்டைச் சுவர் உண்டு, கம்பி கிடையாது. கையில் இருக்கும் இரண்டு ட்ரெக்கிங் கோல்களை உள்ளே நிறுத்த வேண்டும். முளை, கயிறு, பை எல்லாம் சேர்த்து 960 கிராம். பாலியஸ்டர் இழை நைலானைவிடப் பலம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் நைலானில் பத்தில் ஒரு பங்கு ஈரத்தைத்தான் உறிஞ்சும். மழை இரவில் எழுந்து கயிறு இழுக்கிற வேலை போயே போய்விட்டது. டெனியர் எண்ணைப் பார்த்துப் பயந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் டெனியர். பழைய கூடாரத்தின் தரை 70, இதன் தரை 20. இரண்டு பருவம், 31 இரவு ஆகிவிட்டது, இன்னும் ஓட்டை இல்லை. ஆனால் இப்போது படுக்கும் இடத்தை முதலில் உள்ளங்கையால் தடவிப் பார்த்து முள்ளும் கல்லும் பொறுக்கிவிட்டுத்தான் விரிக்கிறேன். பழைய கூடாரத்தோடு இதைச் செய்ததே இல்லை.

பதினோராவது இரவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மரமில்லாத ஒரு மேட்டில், மணல் கலந்த தரையில், கூட வந்த 15 செ.மீ. ஒல்லி முளைகளை அடித்துப் படுத்தேன். நள்ளிரவுக்கு மேல் காற்று திசை மாறி அடித்தது. ஒரு மூலை முளை உருவிக்கொண்டது. அவ்வளவுதான், அந்தப் பக்கக் கோல் சாய்ந்து, ஈரத்துணி முகத்தின் மேல் விழுந்தது. தலைவிளக்கைத் தேடிப் பிடித்து, வெளியே வந்து, கல் பொறுக்கி அந்த மூலையை நிறுத்துவதற்குள் உடம்பு நடுங்கிவிட்டது. பழைய கூடாரத்தில் முளை பிடுங்கினால் துணி படபடக்கும். நான் உள்ளே படுத்திருக்கும்வரை அது விழாது. இங்கே ஒவ்வொரு முளையும் தூண் மாதிரி. ஒன்று போனால் கூரையின் ஒரு பக்கமே போய்விடும்.

அதன் பிறகு நான் செய்த மாற்றங்கள்: நான்கு மூலைக்கும் ஒய் வடிவக் குறுக்குவெட்டு உள்ள நீளமான முளைகள், காற்று வரும் பக்கம் கூடுதலாக இரண்டு இழுகயிறு, முளை பிடிக்காத தரையில் கல். கல்லைக் கட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கயிற்று வளையத்தைச் சிறு கல்லில் மாட்டி, அந்தக் கயிற்றின் மேல், சிறு கல்லுக்கு முன்னால், பெரிய கல்லை வைக்க வேண்டும். கயிறு இழுக்க இழுக்கச் சிறு கல் வந்து பெரிய கல்லில் முட்டி நின்றுகொள்ளும். இவையெல்லாம் சேர்ந்து 90 கிராம் ஏறியது. ஆகவே என் கணக்கில் இது 1,050 கிராம் கூடாரம். 960 என்று யாராவது கேட்டால் திருத்திச் சொல்கிறேன்.

எடை குறைந்ததால் நடை எப்படி மாறியது என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. தோளில் 1.3 கிலோ குறைந்ததும் ஏற்றத்தில் வேகம் கூடும் என்று நினைத்திருந்தேன். வேகம் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் நடுவில் பையை இறக்கிவைக்கிற தடவைகள் குறைந்தன. அதனால் மாலை முகாமுக்கு வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர்கிறேன். வெளிச்சம் இருந்தால்தான் இந்தக் கூடாரத்துக்கு ஏற்ற இடத்தைத் தேட முடிகிறது. பள்ளத்தின் அடியில் குளிர்காற்று தேங்கும், ஓடையோரம் ஈரம் அதிகம். அதனால் இரண்டையும் விட்டுக் கொஞ்சம் மேலே ஏறி, மரக்கிளைகளின் கீழே படுக்கிறேன். திறந்த வானத்துக்குக் கீழே துணி சூட்டைச் சீக்கிரம் இழந்து பனி கோக்கும், மேலே இலைக்கூரை இருந்தால் அது குறையும். மட்கிய கிளை தலைக்கு மேல் இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் தெரிந்த விஷயங்கள்தான். தாமதமாக வந்து, எங்கே வேண்டுமானாலும் நிற்கிற கூடாரத்தை விரித்துத் தூங்கிய காலத்தில் எனக்கு இவை தேவைப்படவில்லை.

எடை குறைப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எம்மா கேட்வுட் நினைவுக்கு வருவார். 1955-இல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடுநடைப் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தவர். கூடாரமே எடுத்துப் போகவில்லை. தைத்த துணிப்பை ஒன்று, மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று. அவரை நினைத்தால் எனக்கு எப்போதும் மரியாதை பொங்கும். ஆனால் அந்தப் பாதையில் நடப்பவர்களுக்கென்று மரக்கொட்டகைகள் இருந்தன. பல இரவுகளில் அறிமுகமில்லாதவர்கள் கதவைத் திறந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். கூடாரம் செய்ய வேண்டிய வேலையை அங்கே கொட்டகையும் மனிதர்களும் செய்தார்கள். என் புதிய கூடாரத்தில் அந்த வேலையை ட்ரெக்கிங் கோலும், தரையும், நான் பார்த்து எடுக்கும் இடமும் செய்கின்றன. பழையதில் பாதியைத் தங்கை செய்தாள்.

ஆகவே, நீங்களும் இதே யோசனையில் இருந்தால், கடந்த பத்து இரவுகள் எங்கே படுத்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். முளை இறங்குகிற மண், ஒதுங்க மரம், தனி ஆள், ஏற்கெனவே கையில் ட்ரெக்கிங் கோல்: இவைதான் அதிகம் என்றால் கோலில் நிற்கும் கூடாரத்துக்குத் தைரியமாக மாறலாம். பாறையும் திறந்த மேடும் அதிகம் என்றால், பழையது எத்தனை கிலோ என்றாலும் நான் அதைத்தான் தூக்குவேன். நடப்பது இருவர் என்றால் மாற்ற அவசரமே இல்லை. எடையை ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், பாதிப் பேருக்குக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

பழையதை விற்கவோ தூக்கிப் போடவோ மனம் வரவில்லை. சென்ற மாதம் தரைத்துணியில் உரிந்த பூச்சை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் தேய்த்து எடுத்துவிட்டு, பாலியூரித்தேன் பசையை மெல்லிசாக இரண்டு முறை பூசினேன். இரண்டு நாள் முழுக்கக் காயவிட்டு, விரித்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு மூலையில் மட்டும் தையல் வழியே கசிந்தது, அதையும் அடைத்தாயிற்று. வெளித்துணிக்கு இந்தப் பசை ஒட்டாது, அது சிலிக்கோன் பூசிய நைலான், அதற்குச் சிலிக்கோன் பசைதான். ஜிப் ஓட்டி மட்டும் இன்னும் மாற்ற வேண்டியிருக்கிறது.

தங்கையிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். குழந்தைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, வருகிற பருவத்தில் இரண்டு இரவு மட்டும் கூட்டிவரலாமா என்று கேட்டாள். இரண்டு பெரியவர்கள் நடுவே ஒரு சின்ன உடம்புக்கு அதில் இடம் இருக்கும், அகலத்தை அளந்தே சொன்னேன். "அப்போ கம்பியும் உள்ளறையும் எங்கிட்ட குடுத்துடுக்கா, பழையபடி நானே தூக்கறேன்" என்றாள். ஜிப் ஓட்டியை இந்த வாரமே வாங்கிவிட வேண்டும்.