பவுனா, டைட்டானியமா? மூக்கும் மேல்காதும் குத்தப் போகிறவர்களுக்கு

போன தை மாதம் கோவையில் படிக்கும் என் மகள் லீவுக்கு ஈரோடு வந்திருந்தாள். மூக்கும் மேல்காதும் குத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அவ்வளவுதான், என் அம்மா பீரோவைத் திறந்து, மடித்து வைத்திருந்த ரோஸ் தாளைப் பிரித்தார். உள்ளே அவருடைய எட்டுக்கல் பேசரி மூக்குத்தி. மகள் போனில் காட்டியது வேறு: ஒரு சின்னத் தண்டு, முன்னால் கடுகளவு கல், பின்னால் தட்டையான வட்டு, எல்லாம் டைட்டானியம்.

"பவுனு இருக்கறப்ப இரும்பை எதுக்குச் சாமி மூக்குல போடோணும்?" என்றார் அம்மா.

"அது இரும்பு இல்லீங்க அம்மிச்சி. எலும்பு முறிஞ்சா உள்ள வச்சுத் தைக்கிறாங்கல்ல, அந்தச் சாமானுங்க."

இரண்டு பேர் சொன்னதையும் நான் சும்மா விடவில்லை. பட்டறை ஆசாரியிடமும் தோல் டாக்டரிடமும் கேட்டேன், பேசரியை லென்ஸ் வைத்தும் பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குத்தின நாளிலிருந்து புண் ஆறும் வரை ஒரு நகை, ஆறின பிறகு ஆயுசுக்கும் ஒரு நகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதித் தொல்லை வருகிறது.

தங்கம்

916 என்றால் 22 காரட், நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். மிச்சம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். தங்கம் உடம்போடு சண்டை போடாது, அந்த விஷயத்தில் அம்மா சொல்வது சரி. சிக்கல் கலவையிலும் பத்தவைப்பிலும் செய்நேர்த்தியிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் காட்மியம் கலந்து பத்தவைத்தார்கள். கே.டி.எம். என்று பெருமையாகச் சொல்லி விற்றது அதைத்தான். அதன் புகை ஊதுகிற ஆசாரிக்கே கெடுதல் என்று பிற்பாடு விலக்கப்பட்டது. பழைய நகை என்றால் இதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது முத்திரை. 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறியும் சேர்ந்துகொண்டது. ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மூக்குத்தி அரை கிராம், முக்கால் கிராம்தானே! நாம் சதைக்குள்ளேயே போட்டுக்கொள்கிற நகைக்கு முத்திரை இல்லாமலே போகலாம். அதனால் எத்தனை காரட் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

இனி லென்ஸில் பார்த்ததைச் சொல்கிறேன். பேசரியின் தண்டு பூராவும் மரை, ரம்பம் மாதிரி. ஆறின துளையில் அது வழுக்கிக்கொண்டு போய்விடும். புதுப் புண்ணில் ஒவ்வொரு மரையும் சதையைச் சுரண்டிக்கொண்டேதான் நுழையும். அப்புறம் சீழும் நீரும் அந்த இடுக்கில் காய்ந்து பொருக்காக உட்காரும். நான் பார்த்தபோது பேசரியின் மரையில் வருஷக் கணக்கான அழுக்கு கறுப்புக் கோடாக ஏறியிருந்தது. தினமும் குளித்துச் சுத்தமாக இருந்த என் அம்மாவின் நகை அது. குற்றம் அவருடையது இல்லை, அந்த அமைப்புடையது.

இன்னொன்று, 22 காரட் மெது. மெல்லிய தண்டில் மரை சீக்கிரம் தேய்ந்து திருகாணி கழன்று விழும். கிணற்றடியில் மூக்குத்தி தொலைத்த கதை நம் பக்கம் எந்த வீட்டில் இல்லை? தினமும் போடுவதற்கு 18 காரட், அதாவது 75 பங்கு தங்கம், இன்னும் உறுதி. வெள்ளைத் தங்கம் வாங்குவதானால், சிலருக்கு அரிப்பு தருகிற நிக்கல் கலந்ததா என்று கேட்டே வாங்குங்கள்.

டைட்டானியம்

எல்லா டைட்டானியமும் ஒன்றல்ல. உடம்புக்குள் பொருத்துவதற்கென்று தரம் குறித்தது ஏஎஸ்டிஎம் எஃப் 136. கேட்டு வாங்க வேண்டிய பெயர் அதுதான். 'டைட்டானியம் கோட்டிங்' என்று எழுதியிருந்தால் உள்ளே வேறு உலோகம் என்று பொருள், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எடை, அதே அளவு 22 காரட் தங்கத்தில் கால்வாசிதான். வீங்கியிருக்கிற மூக்குக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று குத்திக்கொண்டவர்களுக்குத் தெரியும். சாயம் பூசாமலே மின்சாரம் பாய்ச்சி நீலம், ஊதா, மஞ்சள் என்று நிறம் கொண்டு வருகிறார்கள். பொன் போலவே வேண்டுமென்றாலும் கிடைக்கும், ஆனால் பொன்னின் அந்தச் செழுமை வராது.

இதன் பெரிய பலம் அமைப்பு. தண்டு வழவழப்பு. மரை தண்டுக்கு உள்ளே இருக்கும், அல்லது மரையே இல்லாமல் செருகுகிற மாதிரி இருக்கும். பின்வட்டு தட்டை என்பதால் மூக்குக்குள் குத்தாது. முதலில் வீக்கத்துக்கு இடம் விட்டு நீளத் தண்டு போட்டு, நாலு முதல் எட்டு வாரத்தில் குட்டைத் தண்டுக்கு மாற்றுவார்கள். முதல் நாளே அளவாக இறுக்கிப் போட்டால் வீக்கத்தில் திருகாணி சதைக்குள் புதைந்துவிடும்.

"வித்தா காசு வருமா?" என்று அம்மா கேட்டார். வராது. ஆனால் அரை கிராம் மூக்குத்திக்கு எடையின் விலையோடு செய்கூலி, சேதாரம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதையும் பாருங்கள். விற்கும்போது அதுவும் திரும்பாது. அடகுக்கு ஆகிற பொருள் வளையலும் செயினும்தான், மூக்குத்தி அல்ல.

ஸ்டீல், வெள்ளி, கவரிங்

சர்ஜிக்கல் ஸ்டீல் என்று கடையில் சொல்வது பெரும்பாலும் 316எல். அதில் நூற்றுக்குப் 10 முதல் 14 பங்கு வரை நிக்கல். கலவைக்குள் கட்டுண்டு கிடப்பதால் நிறையப் பேருக்கு ஒன்றும் செய்யாது. வாட்சின் பின்பக்கமோ ஜீன்ஸ் பட்டனோ பட்ட இடத்தில் உங்களுக்கு அரிக்குமா? அப்படியானால் ஸ்டீல் பக்கமே போக வேண்டாம். வெள்ளி வியர்வையில் கறுக்கும், அந்தக் கறை புண்ணோடு சேர்ந்து தோலிலேயே தங்கிவிடக்கூடும். சேலத்து வெள்ளி கொலுசாகக் காலில் கிடக்கட்டும், புதுத் துளைக்கு ஆகாது. கவரிங் முலாம் தேய்ந்தால் அடியில் இருக்கிற பித்தளையும் நிக்கலும் நேராகப் புண்ணில் படும். ஆறின காதுக்கு, ஒரு கல்யாணத்துக்கு, ஒரு நாளைக்கு என்றால் சரி.

யார் குத்துவது?

குழந்தைக்குக் காதுகுத்து என்றால் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, ஆசாரி கூரான பொன் கம்பியால் குத்தி, அதையே வளைத்து வளையமாக விட்டுவிடுவார். காப்பரிசி வாயில் போவதற்குள் காரியம் முடிந்திருக்கும். கீழ்க்காதுக்கு இந்த முறை எனக்குப் பிடிக்கும். கம்பி வழவழப்பு, மரை கிடையாது, சதைக்கு ரத்த ஓட்டமும் நன்றாக உண்டு. ஆசாரி கை கழுவிப் புதுக் கையுறை போட வேண்டும், கம்பியைக் கிருமி நீக்கிக் கொண்டு வர வேண்டும். சீர் வைக்கிற மாமன் இதை முன்கூட்டியே சொல்லிவிடலாம், எந்த ஆசாரியும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காது குத்துகிற துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தாட்சண்யம் இல்லை. கல்லூரி நாளில் ஒரு நகைக்கடையில் மேல்காதில் அடித்துக்கொண்டேன். ஊசி கூர்மையாகத் துளை போடும். துப்பாக்கியோ மழுங்கின கம்பியை விசையோடு இடித்து நுழைக்கும். அங்கே இருப்பது குருத்தெலும்பு, ரத்த ஓட்டம் குறைவு, நசுங்கினால் லேசில் தேறாது. மூன்றாம் நாள் காது கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. ஒரு வாரத்தில் சீழைக் கீறி எடுத்தார்கள். மடல் ஓரம் இன்றைக்கும் சுருங்கித்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் ஜடையை இறக்கிவிட்டே பழகிவிட்டேன். அந்தத் துப்பாக்கியின் உடம்பு பிளாஸ்டிக். ஆட்டோகிளேவ் என்கிற நீராவிச் சூட்டில் வைத்தால் தாங்காது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து அடுத்த ஆளுக்கு எடுக்கிறார்கள்.

அதனால் மூக்கு, மேல்காது இரண்டுக்கும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, அதைக் கண் முன்னால் பிரிக்கிற ஆள், உள்ளே ஓர் ஆட்டோகிளேவ். இந்த மூன்றும் இருக்கிற இடத்துக்குப் போங்கள். மேல்காது என்றதும் புது நாகரிகம் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதும் எனக்கு ஒப்பவில்லை. கொப்பும் முருகும் அங்கேதானே தொங்கின? பையன்கள் ஒற்றைக் கடுக்கனோடு வந்தாலும் அப்படித்தான். சிவப்புக்கல் கடுக்கன் போட்ட அப்பாருகளின் போட்டோ எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது!

வளையமா, ஒற்றைக்கல்லா?

முதல் ஆறு மாதம் ஒற்றைக்கல்தான். வளையம் சுழன்றுகொண்டே இருக்கும், ஒவ்வொரு சுழலுக்கும் வெளி அழுக்கை உள்ளே இழுக்கும். தலை துவட்டுகிற துண்டு, ஹெல்மெட், முகக்கவசம் எல்லாவற்றிலும் மாட்டும். நூல்மில்லில் வேலை செய்யும் என் தங்கை வளையம் போட்டு, பஞ்சு தண்டைச் சுற்றித் திரிபோல் ஏறி, சாமணத்தால் பிடுங்க வேண்டி வந்தது. பனியன் கம்பெனி, விசைத்தறி என்று வேலைக்குப் போகிற பெண்கள் இதைக் கணக்கில் எடுங்கள்.

ஆறுகிற காலம்: கீழ்க்காதுக்கு 6 முதல் 8 வாரம், மூக்குக்கு 4 முதல் 6 மாதம், மேல்காதுக்கு 6 மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை. மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைனால் தினம் இரண்டு முறை நனைத்துத் துடைத்தால் போதும். திருகிப் பார்க்க வேண்டாம். மஞ்சள் மண்டி ஊரில் பிறந்த நானே சொல்கிறேன், மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்து அப்ப வேண்டாம், துளையை அடைத்துக்கொள்ளும். மேல்காதில் சூடும் வீக்கமும் ஏறினால் கை வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

கடைசியில் மகள் ஊசியால் மூக்கு மட்டும் குத்திக்கொண்டாள். மேல்காது அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பேசி வைத்தோம். குத்தும் முன் பேசரியின் தண்டை அளந்தோம், கிட்டத்தட்ட ஒன்றேகால் மில்லிமீட்டர். வழக்கமாக மூக்குக்குப் போடுகிற 0.8 மில்லி துளையில் அது ஏறவே ஏறாது. அதனால் 18 கேஜ், அதாவது 1 மில்லி டைட்டானியம் போட்டோம். பேசரியின் தண்டை 1 மில்லிக்கு வழவழவென்று மாற்றித் தர ஆசாரி ஒப்புக்கொண்டிருக்கிறார், கல்லில் கை வைக்க மாட்டார். தையில் குத்தியதற்கு ஆறு மாதம் கழித்தால் ஆடி வருகிறது. ஆடியில் மாற்றக் கூடாது, ஆவணி முதல் முகூர்த்தம் என்று அம்மா காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார். மூக்குக்கும் கூட ஒரு மாதம் கிடைக்கிறது.