பப்பெயின் பொடி: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஏற்காட்டில் வேதியியல் கற்பிக்கும் நண்பர், மாணவர்கள் எளிய பொருள்களை இணைத்துப் புதிய சேர்மம் உண்டாக்கும் தொகுப்பு வினைகளுக்கு, பப்பாளிக் காயின் பாலிலிருந்து எடுக்கும் நொதியான பப்பெயின் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். சேலத்தில் எங்கள் சிறிய ஆய்வுக்கூடத்தில் மூன்று ஆண்டுகளாக அதைப் பயன்படுத்துகிறேன். அவர் கேட்ட அன்று காலையில்தான் கெட்டுப்போன பாதி டப்பாப் பொடியைக் குப்பையில் கொட்டியிருந்தேன்.

நாங்கள் பெரும்பாலும் செய்வது, 1937இல் பெர்க்மான், ஃப்ரெங்கல்-கான்ராட் என்ற வேதியியலாளர்கள் காட்டிய வகை வினை. ஹிப்யூரிக் அமிலத்தையும் அனிலினையும் இலேசான அமிலத்தன்மையை மாறாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசலில் பப்பெயினோடு சேர்த்து 40 டிகிரியில் வைத்தால், இரண்டும் இணைந்த அனிலைடு வெண்மையாகப் படிந்துவிடும். புரதத்தை அறுப்பதற்குப் பெயர்பெற்ற நொதி இங்கே பிணைப்பை உண்டாக்குவதற்குக் காரணம், விளைபொருள் நீரில் கரையாமல் வினையிலிருந்து விலகிவிடுவதுதான். அந்தப் படிவைக் காணும் மகிழ்ச்சி எனக்கு இன்றும் குறையவில்லை.

வெப்பத்தை இது தாங்கும் விதமும் வியப்பானது. 212 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியை மூன்று டைசல்பைடு பாலங்கள் (கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள்) இறுக்கிப் பிடித்திருக்க, 65 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலும் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. சித்திரை வெயிலில் மின்சாரம் போய், குளிர்பதனப் பெட்டி ஒரு பகல் முழுவதும் நின்றபோதும், மூடியிருந்த உலர்பொடியின் வீரியம் குறையவில்லை.

என்னைச் சலிப்படையச் செய்வது காற்று. இந்த நொதியின் வேலை முழுவதும் சங்கிலியின் 25ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தைச் சார்ந்தது. அது ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டால், மற்ற அமைப்பெல்லாம் குலையாமல் இருந்தும் நொதி செயலிழக்கிறது. தொடக்க நிலையில் சிஸ்டீனும், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏவும் சேர்த்துச் சிறிது நேரம் வைத்தால் மீட்டுவிடலாம். ஆக்சிஜனேற்றம் அதற்கும் மேலே போனால் மீட்சி இல்லை, அதை நிறமோ மணமோ காட்டிக்கொடுப்பதும் இல்லை. பப்பாளிக் காயின் பாலை உலர்த்துவதற்கு முன்பே, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கலக்கிறார்கள் என்றால், தோட்டத்திலேயே தொடங்கும் தொல்லை இது. குளிர்ந்த டப்பாவை அறைவெப்பத்துக்கு வரவிடாமல் திறப்பது அடுத்த தவறு. ஐப்பசி ஈரத்தில் உள்ளே நீர் கோத்துக்கொள்கிறது. எங்கள் மாணவர்கள் அதைத்தான் செய்தார்கள், நானும் கண்காணிக்கத் தவறினேன். இருந்தாலும், டப்பாவில் அடைத்த அன்று அளந்த செயல்திறனை மட்டும் அச்சிட்டு, திறந்த பிறகு எத்தனை நாள் தாங்கும் என்று ஒரு வரிகூட எழுதாமல் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கரைசலில் தன்னைத் தானே செரித்துக்கொள்ளும் குணமும் உண்டு. இறால், நண்டு ஓடுகளிலிருந்து செய்யும் கைட்டோசான் மணிகளில் பிணைத்து வைத்ததில் அது பெரிதும் அடங்கியது.

நண்பருக்கு, வேண்டாம் என்றுதான் பதில் எழுதினேன். மலையின் குளிர் நல்லதுதான். ஆனால் மேகம் சன்னல் வழியே வகுப்பறைக்குள் வரும் ஊரில், பலர் கை படும் டப்பாவை யார் காப்பது? எங்கள் கூடத்துக்கு மட்டும் மறுபடியும் வாங்கச் சொல்லியிருக்கிறேன், இம்முறை சிறு குப்பிகளாக.