காட்பாடி காந்தி நகர் மெனோபாஸ் கிளினிக்: அக்காவுக்குக் கிடைத்த ஆலோசனை

மாதவிடாய் நின்ற பெண்களுக்கென்று தனிப் பிரிவு நடத்தும் சிறிய கிளினிக் ஒன்று காட்பாடி காந்தி நகரில் இருக்கிறது. என் அக்காவை அங்கேதான் காட்டி வருகிறோம். கர்ப்பப்பை, எலும்பு என்பதோடு பேச்சை முடித்துவிடாமல், மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மருந்து எழுதுகிறார்கள் என்பதால் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

அக்காவுக்கு வயது 50. நெஞ்சிலிருந்து முகம் வரை திடீரென்று சூடேறி வேர்த்துக் கொட்டுவதும், அதனால் இரவுத் தூக்கம் கெடுவதும், பல வருடங்களாக இருந்த ஒற்றைத் தலைவலி முறை மாறி வருவதும் தொந்தரவாக இருந்தன. வேலூர் வெயிலில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை என்று வீட்டில் சொல்லிவிடுவதால் இங்குள்ள பெண்கள் பலர் மருத்துவரிடம் போவதே இல்லை. இந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, “மார்கழி விடியற்காலையிலும் இப்படி வேர்க்கிறதா அம்மா?” என்பதுதான்.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். ரத்தக்குழாயின் உட்புறத்தை மெல்லிய செல் அடுக்கு ஒன்று மூடியிருக்கிறது. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை ஏற்கும் அமைப்புகள் அந்தச் செல்களில் இருப்பதால், அது அங்கே சேர்ந்ததும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு கூடுதலாகச் சுரக்கிறது. அது குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்த, குழாய் விரிந்து மூளைக்கு ரத்தம் தாராளமாகப் போகிறது. சினைப்பை ஓய்ந்து ஈஸ்ட்ரோஜன் குறையும்போது இந்த நெகிழ்வும் குறைகிறது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சிறு வயதிலேயே எடுத்துவிட்டவர்களுக்கு இந்த இழப்பு ஒரே நாளில் நேர்ந்துவிடுகிறது என்பதை அவர் அழுத்திச் சொன்னார். நம் ஊர்ப் பக்கத்தில் இந்த அறுவை சிகிச்சை எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இது கவலை தரும் செய்தி.

தலைவலி காரணமாக அக்காவுக்கு மூளை ரத்தக்குழாய் டாப்ளர், அதாவது ஒலி அலை மூலம் ரத்த ஓட்டத்தின் வேகத்தைப் பார்க்கும் பரிசோதனை எடுத்தார்கள். ஹார்மோன் எழுதுவதற்கு இந்தப் பரிசோதனை கட்டாயமில்லை என்று முன்கூட்டியே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. காதுக்கு முன்னால், கன்ன எலும்புக்குச் சற்று மேலே ஜெல் தடவி, பேனா போன்ற கருவியை வைத்து, எலும்பு மெலிந்திருக்கும் இடத்தை மெதுவாகத் தேடினார்கள். கிடைத்ததும் நாடித்துடிப்பு ‘உஷ், உஷ்’ என்று ஒலிபெருக்கியில் கேட்டது. அரை நிமிடம் மூச்சை அடக்கச் சொன்னார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது ஆரோக்கியமான நுண்குழாய்கள் விரிந்து கொடுக்கும். ரத்தத்தின் வேகம் கூடுவது திரையில் அலையாக உயர்ந்து தெரியும். அக்காவுக்கு அலை நன்றாகவே உயர்ந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துவிடலாமே என்று நான் கேட்டேன். அவர் மறுத்தார். அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை கொடுத்த பிரிவு 2002-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்குச் சுமார் 8 பக்கவாதம் கூடுதலாக வந்திருந்தது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். கொழுப்புப் படிந்து ஏற்கெனவே கெட்டுப்போன குழாய் பழையபடி விரிவதில்லை. ரத்தம் உறையும் ஆபத்து மட்டும் மிஞ்சுகிறது. மாத்திரையாக விழுங்கினால் மருந்து முதலில் கல்லீரல் வழியே போய், ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. தோலில் தடவும் ஜெல் அந்த வழியில் போவதில்லை.

ஆகவே முதலில் அக்காவின் ரத்த அழுத்தத்தைச் சீராக்கிவிட்டு, அதன் பிறகே குறைந்த அளவில் ஜெல்லும், கர்ப்பப்பை இருப்பதால் அதன் உட்சுவரைப் பாதுகாக்க இரவில் ஒரு புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் காப்ஸ்யூலும் எழுதினார். லேசான பக்கவாதம் வந்து தேறிய எங்கள் அம்மாவுக்கும் கேட்டோம். 68 வயதில் தொடங்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். கேட்டவருக்கெல்லாம் எழுதிக் கொடுக்காத அந்த உறுதிதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

குறைகளும் உண்டு. ஆலோசனை அறை முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. முட்டி வலியோடு வரும் பெண்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று நின்று ஏறுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. வரவேற்பில் தரும் ‘பேக்கேஜ்’ பட்டியலில் ஹார்மோன் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்திருக்கிறது. 45 வயதைக் கடந்து, அறிகுறிகள் தெளிவாக இருப்பவர்களுக்குப் பொதுவாக அது தேவையில்லை. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே அதற்குப் பணம் வாங்குவது சரியல்ல. வேண்டாம் என்று சொன்னால் நீக்கிவிடுகிறார்கள்.

போகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டுகளையும், வீட்டில் எடுத்த ரத்த அழுத்தக் குறிப்பையும் கொண்டு போங்கள். மார்பகப் புற்றுநோய், காலில் ரத்தக்கட்டு, காரணம் தெரியாத உதிரப்போக்கு ஆகியவை இருந்திருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஜெல் எல்லா மருந்துக் கடைகளிலும் இருப்பதில்லை. தீர்வதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகச் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருகிறார்கள்.