மழை ஷவர் உண்டு, கிணற்றுக்குத்தான் பூட்டு

காரைக்குடிப் பக்கம் பழைய நகரத்தார் வீடு ஒன்றை விடுதியாக்கியிருக்கிறார்கள், பேர் வேண்டாம். ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இரண்டு ராத்திரி தங்கினேன். முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்குத் தூண் பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எல்லாம் உண்மைதான், காலையில் வந்த வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் அருமை. நான் சொல்ல வந்தது குளியலறையைப் பற்றி மட்டும். இந்த ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று தடவை அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

தலைக்கு மேலே தாம்பாளம் அகலத்துக்கு மழை ஷவர் வைத்திருக்கிறார்கள். திறந்தால் சொட்டுகிறது. ஓட்டுக் கூரை மேல் தண்ணீர்த் தொட்டியை ஏற்ற முடியாமல் பின்கட்டில் தாழ்வாக வைத்துவிட்டார்கள், அந்த உயரத்துக்கு அழுத்தம் எங்கிருந்து வரும்? அதைவிடக் கொடுமை, தொட்டி கறுப்பு பிளாஸ்டிக், நாள் முழுக்க வெயிலில் காய்கிறது, மத்தியானம் இரண்டு மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை பொறுக்கவில்லை. அப்புறம் வீட்டில் செய்கிற வித்தையைத்தான் செய்தேன். ஹீட்டரை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தேன், ஹீட்டருக்குள் நிழலில் கிடந்த 15 லிட்டர் மட்டும் குளுகுளுவென்று வந்தது. கிட்டத்தட்ட ஒரு வாளி, ஒரு ஆளுக்குப் போதும். ஆனால் வாளி எங்கே?

விடுதியைப் பார்த்துக்கொள்கிறவரிடம் "அண்ணே, ஒரு வாளியும் சொம்பும் கிடைக்குமா?" என்றேன். "ஷவர் இருக்குல்ல சார்" என்றார். பின்னால் ராட்டினத்தோடு அழகான கிணறு இருக்கிறதே என்றால், "அது பாக்கத்தான் சார், பூட்டியிருக்கு." வயிற்றெரிச்சல் அதுதான். கிணற்றுத் தண்ணீரின் சூடு வருஷம் முழுக்கப் பெரிதாக மாறாது, அதனால்தான் சித்திரை மத்தியானத்தில் சில்லென்றும் மார்கழி விடிகாலையில் வெதுவெதுப்பாகவும் தெரிகிறது. இந்த வெயிலுக்கு அதைவிடத் தோதான தண்ணீர் எந்தக் குழாயில் வரும்?

பக்கத்து அறையில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி. முதல் நாள், நான் இத்தனை தடவை துண்டோடு போவதைப் பார்த்து அந்த மனிதர் ஏதாவது வேண்டுதலா என்று கேட்டார். அவர்கள் ஊர்க் குளிர்காலத்தில் தினமும் வெந்நீரில் குளித்தால் தோல் வறண்டு வெடித்துவிடுமாம், ஒருநாள் விட்டு ஒருநாள்தானாம். சரிதான், வெந்நீரும் சோப்பும் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும், காற்றும் காய்ந்த காற்று, அங்கே வியர்வையும் குறைவு. நம் ஆட்கள் அதைக் கேட்டு முகம் சுளிப்பது வீண் ஜம்பம், ஊட்டியில் போய் நாலு நாள் இருந்தால் நாமும் கால் கழுவிக்கொண்டு படுக்கிறவர்கள்தான். இங்கே அப்படி முடியாது. சென்னையில் கசகசப்பில் வியர்வை காயாமல் ஒட்டும், இங்கே பகலில் காய்ந்து சட்டையில் உப்புக் கோடு போடும், இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். நான் மூன்று தடவையும் சோப்புப் போடுவதில்லை, காலையில் மட்டும், மற்றதெல்லாம் வெறும் தண்ணீர், ஈர உடம்போடு வளவுக் காற்றில் ஐந்து நிமிஷம். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் அவரும் துண்டோடு நிற்கிறார்.

சோப்பு என்றதும் ஞாபகம் வருகிறது, எனக்கு வந்தது உப்புத் தண்ணீர், அவர்கள் வைத்த வாசனைச் சோப்பு நுரைக்கவே இல்லை, திட்டுத் திட்டாகத் தோலில் ஒட்டியது. உப்புத் தண்ணீரில் சீயக்காய் அப்படித் திரிவதில்லை, ஒரு பொட்டலம் வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் தனிக் கட்டணம், 1800 ரூபாய். சனிக்கிழமை வீட்டில் அப்பத்தா ஓசியில் தேய்த்துவிட்டது.

5க்கு 3 தருகிறேன், அதுவும் வளவுக்கும் பணியாரத்துக்கும். இரண்டாம் நாள் ராத்திரி அந்த அண்ணன் மனசு இளகி, மேனேஜர் போன பிறகு சாவியோடு வந்தார். நாலு வாளி இறைத்து ஊற்றிக்கொண்டேன். அந்த நாலு வாளியை விடுதிக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.